பிடிக்கும் பக்கம், விடும் பக்கம்: நிலநடுக்கத்தைத் தாங்கும் உலோக ஃபால்ஸ் சீலிங்

1994 ஜனவரி 17 அன்று கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் பகுதியில் 6.7 அளவில் நிலம் அதிர்ந்தது. அருகிலிருந்த ஆலிவ் வியூ மருத்துவமனை 1971 நிலநடுக்கத்தில் சிதைந்து, பிறகு மிக உறுதியாகத் திரும்பக் கட்டப்பட்டது. தூண்களும் சுவர்களும் இந்த முறை தாக்குப்பிடித்தன. ஆனால் சீலிங்குக்கு மேலே ஓடிய குழாய்கள் உடைந்து தண்ணீர் கொட்டியதால் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில், டோக்கியோவின் குடான் கைகான் அரங்கில் சீலிங் விழுந்து இருவர் இறந்தார்கள். கட்டடம் இடியவில்லை. அதே நாளில் கவாசாகி நகரத்தின் இசை அரங்கில் விழுந்த சீலிங்கைச் சரிசெய்து அரங்கைத் திறக்க 2013 ஆனது.

கட்டடம் நிற்கும்போதே சீலிங் விழக்கூடும் என்பதை இவை காட்டுகின்றன. அதைத் தடுக்கத் தேவையான பொருள்கள் எளியவை: கம்பி, ஆங்கர், சுவரோரம் பொருத்தும் அகலமான வால் ஆங்கிள், சில குழாய்த் துண்டுகள். எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்ற தெளிவுதான் கடினமானது. தளப் பொறியாளர்கள், இளம் கட்டடக் கலைஞர்கள், சீலிங் ஒப்பந்ததாரர்கள் அந்தத் தெளிவோடு வேலையைத் தொடங்க இந்த அத்தியாயம் உதவும்.

இதில் வரும் அளவுகள் பெரும்பாலும் அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் ஈ580, ஏஎஸ்சிஇ 7 ஆகிய விதிகள் நிலநடுக்க ஆபத்து அதிகமான இடங்களுக்குச் சொல்பவை. அவை மெயின் டீ, கிராஸ் டீ என்ற சட்டங்களால் ஆன டி-கிரிட்டில் டைலை வைக்கும் முறைக்கானவை. மருத்துவமனை, பள்ளி, விமான நிலையம், திருமண மண்டபம் போன்ற இடங்களில் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கும் கையெழுத்தும் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

## சீலிங் ஏன் விழுகிறது?

கம்பியில் தொங்கும் சீலிங் ஒரு பெரிய ஊஞ்சல் போன்றது. கட்டடம் ஆடும்போது அதுவும் ஆடிச் சுவரில் மோதுகிறது. அந்த மோதலில் நான்கு விஷயங்கள் நடக்கின்றன:

- ஓரத்தில் உள்ள கிராஸ் டீ நசுங்கி வளைகிறது.
- எதிர்ப் பக்கத்தில் டீயின் நுனி வால் ஆங்கிளை விட்டு நழுவுகிறது.
- டீக்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலக, இடையில் உள்ள டைல் விழுகிறது.
- ஆடாத ஸ்பிரிங்க்ளர் குழாயும் ஆடும் சீலிங்கும் ஒன்றையொன்று கிழிக்கின்றன.

இனி வரும் ஒவ்வொரு படியும் இந்த நான்கில் ஏதாவது ஒன்றைத் தடுப்பதற்கானது.

## தொடங்கும் முன் சேகரிக்க வேண்டியவை

1. நிலநடுக்க மண்டலம். ஐஎஸ் 1893-ன் 2016 பதிப்பு இந்தியாவை 2 முதல் 5 வரை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது. போர்ட் பிளேர், புஜ், குவாஹாட்டி ஆகியவை 5, டெல்லி 4, சென்னையும் கோயம்புத்தூரும் 3. வேலை தொடங்கும் நாளில் நடப்பில் உள்ள பதிப்பைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.
2. எந்த மாடி. மேலே போகப்போக ஆட்டம் கூடும். ஏஎஸ்சிஇ 7-ன் 2016 பதிப்புச் சூத்திரத்தில், மொட்டைமாடித் தளத்துக்கான மடங்கு தரைத்தளத்தைப்போல் மூன்று பங்கு.
3. அறையின் நீளம், அகலம், வடிவம். கட்டடத்தின் விரிவு இணைப்பு அறைக்குள் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.
4. ஸ்லாபுக்கும் சீலிங்குக்கும் இடைவெளி. அதில் ஓடும் டக்ட், குழாய், கேபிள் ட்ரே எல்லாவற்றையும் வரைபடத்தில் குறியுங்கள்.
5. ஸ்லாபின் வகை. திடக் கான்கிரீட்டா, ஹாலோ பிளாக் நிரப்பியதா, முன்தகைவுக் கம்பி உள்ளதா, இரும்புத் தகடா என்று தெரியாமல் ஒரு துளைகூடப் போடக் கூடாது.

## படி 1: எடையைக் கணக்கிடுங்கள்

0.5 மி.மீ. எஃகுத் தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 3.9 கிலோ. 0.7 மி.மீ. அலுமினியம் சுமார் 1.9 கிலோ. 600 × 600 மி.மீ. டைல் ஒன்றுக்கு, மடித்த ஓரங்களைச் சேர்க்காமலே, எஃகு 1.4 கிலோவும் அலுமினியம் 0.7 கிலோவும் வரும். இதனோடு கிரிட், மேலே விரிக்கும் ஒலித்தடுப்புப் பஞ்சு, கிரிட்டில் உட்காரும் விளக்கு எல்லாவற்றையும் கூட்டுங்கள்.

கூட்டுத்தொகை எவ்வளவு குறைவாக வந்தாலும், பக்கவாட்டு விசைக் கணக்கில் சதுர மீட்டருக்கு 192 நியூட்டனுக்குக் கீழே போகக் கூடாது என்கிறது ஏஎஸ்சிஇ 7. அது ஏறக்குறைய 20 கிலோ.

குறிப்பு: வடிவம் சம்மதித்தால் அலுமினியத்தைத் தேர்ந்தெடுங்கள். எடை குறைந்தால் உண்மையில் வரும் விசையும் குறையும். தவறி விழுந்தாலும் காயம் குறையும்.

## படி 2: பிடிக்கும் பக்கத்தையும் விடும் பக்கத்தையும் முடிவுசெய்யுங்கள்

அறைக்கு நான்கு சுவர்கள். ஒரே மூலையில் சேரும் இரண்டு சுவர்களில் சீலிங்கைப் பிடியுங்கள். எதிரில் உள்ள இரண்டில் விடுங்கள்.

பிடிக்கும் பக்கம்: மெயின் டீ, கிராஸ் டீ இரண்டின் நுனியையும் வால் ஆங்கிளில் பாப் ரிவெட்டாலோ திருகாலோ இணையுங்கள்.

விடும் பக்கம்: டீயின் நுனிக்கும் சுவருக்கும் இடையே 19 மி.மீ. வெற்றிடம் விடுங்கள். டீ ஆங்கிளின் மேல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நுனிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகாதபடி குறுக்கே ஒரு பட்டியால் கட்டுங்கள்.

வால் ஆங்கிளின் கிடை அகலம் இங்கே உயிர்நாடி. விதி கேட்பது 51 மி.மீ. காரணத்தைக் கணக்கிலேயே பார்க்கலாம். 51-ல் 19 வெற்றிடம் போக, டீ 32 மி.மீ. நீளத்துக்கு உட்காரும். ஆட்டத்தில் டீ 19 மி.மீ. பின்வாங்கினாலும் 13 மி.மீ. பிடிமானம் மிஞ்சும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 20 முதல் 25 மி.மீ. ஆங்கிளைப் போட்டு அதே வெற்றிடத்தை விட்டால் டீ நுனியில்தான் நிற்கும். முதல் ஆட்டத்திலேயே நழுவிவிடும். அகல ஆங்கிள் கண்ணுக்கு உறுத்துகிறது என்று கட்டடக் கலைஞர் மறுத்தால், சோதித்துச் சான்று பெற்ற நிலநடுக்கக் கிளிப்பைப் பயன்படுத்தலாம். சான்று இல்லாத கிளிப்பை ஏற்காதீர்கள்.

ஆபத்து மிதமான இடங்களுக்கு வேறொரு முறை உண்டு. நான்கு பக்கமும் 10 மி.மீ. வெற்றிடம் விட்டு, எந்தச் சுவரிலும் பிடிக்காமல் சீலிங்கை மிதக்கவிடுவது. எந்த முறை என்று பொறியாளர் முடிவு செய்யட்டும். இரண்டையும் ஒரே அறையில் கலக்காதீர்கள்.

## படி 3: தொங்கு கம்பிகள்

1. 12 கேஜ், அதாவது சுமார் 2.7 மி.மீ. தடிமனுள்ள ஜிஐ கம்பியைப் பயன்படுத்துங்கள். கடலோர ஊர்களில் துத்தநாகப் பூச்சு நன்றாக உள்ளதா என்று பாருங்கள்.
2. மெயின் டீ கனரக வகையாக இருக்க வேண்டும். அதில் 1.2 மீட்டருக்கு ஒரு கம்பி.
3. ஒவ்வொரு டீயின் சுவரோர நுனிக்கும் 200 மி.மீ.க்குள் ஒரு கம்பி. சுவரின் ஆங்கிள் எடையைத் தாங்கும் என்று நம்பி இதை விட்டுவிடாதீர்கள்.
4. முனையில் 75 மி.மீ. நீளத்துக்குள் மூன்று இறுக்கமான சுற்று.
5. கம்பி செங்குத்தாக இருக்கட்டும். சாய்வு 6-க்கு 1-ஐத் தாண்டினால், எதிர்த் திசையில் இன்னொரு கம்பி கட்டிச் சமன்செய்யுங்கள்.
6. டக்ட் குறுக்கே வந்தால் அதிலிருந்து தொங்கவிடாதீர்கள். டக்டின் இருபுறமும் கம்பி இறக்கி, கீழே குறுக்குச் சட்டம் போட்டு அதிலிருந்து தொங்கவிடுங்கள்.

## படி 4: பக்கவாட்டுப் பிடி

சீலிங்கின் பரப்பு 93 சதுர மீட்டரைத் தாண்டினால் சுவர்ப்பிடி மட்டும் போதாது. ஸ்லாபிலிருந்து நேரடியாகப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பிடிப்புள்ளியிலும் இரண்டு பொருள்கள் உண்டு:

- நான்கு இழுகம்பிகள். 12 கேஜ். மேலிருந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று 90° திசையில் விரிய வேண்டும். சீலிங் தளத்தோடு 45°-க்கு மேல் நிமிரக் கூடாது. முனையில் 40 மி.மீ.க்குள் நான்கு இறுக்கமான சுற்று.
- ஒரு முட்டுக்குழாய். இழுகம்பி இழுக்கும்போது சீலிங் மேலே எழும்பாமல் தடுக்கும் செங்குத்துத் துண்டு. இதை விட்டால் இழுகம்பியால் பயனில்லை.

இழுகம்பிகளை மெயின் டீயில், கிராஸ் டீ சேரும் இடத்திலிருந்து 50 மி.மீ.க்குள் கட்டுங்கள். பிடிப்புள்ளிகளுக்கு இடையே இரு திசையிலும் 3.6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சுவரிலிருந்து முதல் புள்ளி 1.8 மீட்டருக்குள் வர வேண்டும்.

ஒரு கணக்கு. 12 × 9 மீட்டர் கூடம். பரப்பு 108 சதுர மீட்டர். நீளத்தில் 1.5, 4.5, 7.5, 10.5 மீட்டரிலும் அகலத்தில் 1.5, 4.5, 7.5 மீட்டரிலும் வைத்தால் மொத்தம் 12 புள்ளிகள். மெயின் டீ சரியாக அந்த இடத்தில் வராவிட்டால் அருகில் உள்ளதற்கு நகர்த்துங்கள். மேலே சொன்ன எல்லைகளைத் தாண்டாதீர்கள்.

ஒரு புள்ளிக்கு 9 சதுர மீட்டர்; எடை 9 × 192 = 1728 நியூட்டன். பொறியாளர் தரும் பக்கவாட்டுக் குணகம் 0.5 என்றால் விசை 864 நியூட்டன். ஒரு திசையில் தள்ளும்போது ஒரு கம்பிதான் இழுபடும். அது 45°-யில் இருப்பதால் அதில் 1222 நியூட்டன் ஏறும். 12 கேஜ் கம்பி தாங்கும். குணகம் 1.0 ஆனால் கம்பியில் 2444 நியூட்டன். மென்கம்பி அதன் எல்லையை நெருங்கிவிடும். அப்போது புள்ளிகளை நெருக்குங்கள்.

முட்டுக்குழாய் மெல்லியதாக இருந்தால் வளைந்துவிடும். 25 × 25 × 1.6 மி.மீ. சதுரக் குழாயை 1.9 மீட்டருக்கு மேல் நீட்டாதீர்கள். சீலிங் அதைவிடத் தாழ்வாகத் தொங்கினால் பெரிய குழாய் போடுங்கள். இடைவெளி மிக அதிகமானால், நடுவில் ஒரு இரும்புச் சட்டம் அமைத்து அதிலிருந்து சீலிங்கைத் தொங்கவிடுங்கள். ஜப்பான் 2014 ஏப்ரலில் நடைமுறைப்படுத்திய விதிகள், 6 மீட்டருக்கு மேல் உயரமும் 200 சதுர மீட்டருக்கு மேல் பரப்பும் கொண்ட, சதுர மீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல் எடையுள்ள சீலிங்குகளைத் தனி வகையாக நடத்துகின்றன. அவற்றுக்கான நிலையான முறையில் தொங்கும் நீளம் 3 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

## படி 5: பெரிய கூடத்தைப் பிரியுங்கள்

பரப்பு 232 சதுர மீட்டரைத் தாண்டினால், கிரிட்டையே வெட்டிப் பிரிக்கும் நிலநடுக்க இணைப்பு வேண்டும். ஸ்லாப் வரை எழும் சுவர் அந்த இடத்தில் இருந்தால் அதுவும் போதும். பிரித்த ஒவ்வொரு பகுதியிலும் நீளம் அகலத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேல் போகக் கூடாது. 'எல்' வடிவ அறையைச் செவ்வகங்களாகப் பிரித்தே பாருங்கள். கட்டடத்தின் விரிவு இணைப்பு ஓடும் இடத்தில் சீலிங்கும் கட்டாயம் பிரிய வேண்டும். சீலிங் மட்டம் மாறும் இடத்தில் மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் தனித்தனிப் பக்கவாட்டுப் பிடி கொடுங்கள்.

## படி 6: விளக்கு, ஏசி, ஸ்பிரிங்க்ளர்

சீலிங்கில் உள்ள ஒவ்வொரு சுமைக்கும் ஸ்லாபிலிருந்து அதற்கென்று ஒரு கம்பி வேண்டும்.

- 4.5 கிலோ வரையான விளக்கு: ஒரு காப்புக்கம்பி.
- 4.5 முதல் 25 கிலோ வரை: எதிரெதிர் மூலைகளில் இரண்டு காப்புக்கம்பிகள்.
- 25 கிலோவுக்கு மேல்: கிரிட்டில் உட்காரவே கூடாது. முழு எடையும் ஸ்லாபிலிருந்து தனியாகத் தொங்க வேண்டும்.

காப்புக்கம்பி சற்றுத் தளர்வாக இருக்கட்டும். கிரிட் கைவிட்டால் விளக்கைப் பிடித்துக்கொள்வதே அதன் வேலை.

ஸ்பிரிங்க்ளர் தலை வரும் டைலில் குழாயின் விட்டத்தைவிட 50 மி.மீ. பெரிய துளை போட்டு, அகல வளையத்தால் மூடுங்கள். சுற்றிலும் 25 மி.மீ. நகர விடும் நெகிழ்குழாய் இணைப்பு வைத்தால் அகலத் துளை தேவையில்லை. உலோக டைலில் இதற்கு இரட்டைக் கவனம் வேண்டும்: மினரல் ஃபைபர் டைல் மோதினால் அதுவே நொறுங்கும், உலோகத்தின் வெட்டிய ஓரம் ஸ்பிரிங்க்ளர் தலையைத் தாக்கும். ஏசி டிஃப்யூசருக்கு வரும் கடைசித் துண்டு டக்ட் நெகிழும் வகையாக இருக்கட்டும்.

தடுப்புச் சுவரின் தலையைக் கிரிட்டில் திருகாதீர்கள். அதற்கு ஸ்லாபிலிருந்து தனிப்பிடி கொடுங்கள்.

## படி 7: உலோகத்துக்கே உரிய கவனம்

டி-கிரிட்டில் வைக்கும் டைல்: கீழிருந்து எத்தும்போது டைல் எழும்பி, சாய்ந்து விழும். மேலே அழுத்திப் பிடிக்கும் கிளிப் போடுங்கள். பராமரிப்புக்குத் திறக்க வேண்டிய டைல்களை மட்டும் விடுங்கள்.

கிளிப்-இன் டைல்: ஸ்பிரிங் பிடியில் நிற்பது. அடிக்கடி கழற்றி மாட்டினால் பிடி தளரும். மக்கள் கூடும் இடங்களில் ஒவ்வொரு டைலையும் மெல்லிய காப்புக்கம்பியால் சட்டத்தோடு இணையுங்கள். இந்த வகைக்கு ஏஎஸ்டிஎம் ஈ580 நேரடியாகப் பொருந்தாது. ஆகவே ஏசி156 என்ற சோதனை விதிமுறைப்படி நடுக்க மேசையில் சோதித்த அறிக்கையைத் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். உங்கள் தளத்தில் போடும் அதே சட்டம், அதே கிளிப், அதே எடை அறிக்கையில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

நீளப்பட்டி சீலிங்: பட்டிகள் நீளவாக்கில் நழுவும். சுவரோரம் நகர இடம் விடுங்கள். அந்த இடத்தைத் தாண்டி நழுவாதபடி தடுப்பும் வையுங்கள்.

செங்குத்துத் தகடுகள்: ஒன்றோடொன்று மோதாதபடி குறுக்குச் சட்டத்தால் இணையுங்கள். ஒரே ஆணியில் தொங்கும் தகடு வேண்டாம். இரு முனையிலும் பிடி இருக்கட்டும்.

உலோகச் சீலிங் மின்சாரத்தைக் கடத்தும். ஆட்டத்தில் கம்பியின் உறை கிழிந்து கிரிட்டைத் தொடக்கூடும். கிரிட்டை எர்த் செய்யுங்கள். கேபிள்களைக் கிரிட்டின் மேல் கிடத்தாமல் தனித் தாங்கியில் கொண்டுபோங்கள்.

## தளத்தில் வேலை வரிசை

1. வரைபடத்தில் தொங்கு கம்பி, பிடிப்புள்ளி, விடும் பக்கம் மூன்றையும் வெவ்வேறு நிறத்தில் குறியுங்கள். மேஸ்திரியோடு உட்கார்ந்து அதைப் பேசுங்கள்.
2. டக்ட், குழாய், கேபிள் ட்ரே வேலைகள் முடியட்டும். அவற்றுக்கும் அவற்றின் சொந்தப் பக்கவாட்டுப் பிடி இருக்க வேண்டும்.
3. லேசர் லெவலில் மட்டம் குறித்து வால் ஆங்கிளைப் பொருத்துங்கள்.
4. இரும்புக் கம்பி காட்டும் கருவியால் ஸ்லாபைச் சோதித்த பிறகு ஆங்கர் துளை போடுங்கள்.
5. பத்தில் ஓர் ஆங்கரையாவது இழுத்துச் சோதியுங்கள். இழுகம்பி ஆங்கர்களில் இன்னும் அதிகமாகச் சோதியுங்கள்.
6. தொங்கு கம்பி, மெயின் டீ, கிராஸ் டீ என்ற வரிசையில் கட்டி மட்டம் பாருங்கள்.
7. மட்டம் சரியான பிறகே முட்டுக்குழாயும் இழுகம்பியும். நான்கு கம்பிகளும் ஒரே அளவு இறுகட்டும். கிரிட் மேலே இழுபடக் கூடாது.
8. பிடிக்கும் பக்கத்தில் ரிவெட் அடியுங்கள்.
9. விளக்கு, டிஃப்யூசர், அவற்றின் காப்புக்கம்பிகள்.
10. மேல்பகுதியைப் புகைப்படம் எடுத்து, பொறியாளரின் ஒப்புதல் வாங்கிய பிறகே டைல். டைல் ஏறிவிட்டால் தவறு கண்ணுக்குத் தெரியாது.

## அடிக்கடி நேரும் தவறுகள்

- நான்கு பக்கமும் ரிவெட் அடிப்பது. உறுதி கூடும் என்று நினைத்துச் செய்வார்கள். எதிரெதிர்ச் சுவர்கள் வெவ்வேறு அளவில் ஆடும்போது சீலிங்கே கிழியும்.
- வெற்றிடத்தைப் பட்டிப் பூச்சாலும் பெயின்டாலும் அடைப்பது. பெயின்டர் வந்துபோன பிறகு மறுபடி பாருங்கள்.
- இழுகம்பியை டக்டில் உரசவிடுவது. தனிப்பிடி இல்லாத குழாயிலிருந்தும் டக்டிலிருந்தும் கம்பி குறைந்தது 150 மி.மீ. தள்ளி இருக்கட்டும்.
- பிளாஸ்டிக் பிளக்கும் திருகும். ஸ்லாபில் சீலிங் ஆங்கருக்கு இவை கூடாது. துப்பாக்கியால் அடிக்கும் ஆணியை இழுகம்பிக்குப் பயன்படுத்தாதீர்கள். விரிவு ஆங்கர் போடுங்கள்.
- ஹாலோ பிளாக்கின் ஓட்டில் ஆங்கர் போடுவது. கான்கிரீட் விலாவைத் தேடிப் போடுங்கள்.
- பிறகு வரும் சுமை. கேமரா, ஸ்பீக்கர், விளம்பரப் பலகை என்று ஒவ்வொன்றாகக் கிரிட்டில் தொங்கும். கட்டட மேலாளரிடம் எழுத்தில் தடை சொல்லுங்கள்.

## வேலையாட்களின் பாதுகாப்பு

உலோக டைலின் ஓரம் கத்திபோல் வெட்டும். வெட்டைத் தாங்கும் கையுறை கட்டாயம். தலைக்கு மேலே துளைபோடுபவர் கண்ணாடியும் தூசுமுகமூடியும் அணியட்டும். தொங்கு கம்பியின் வெட்டிய நுனிகள் கண்மட்டத்தில் நிற்கும். அவற்றை உடனே மடியுங்கள். ஏணியில் நின்று டைல் ஏற்ற வேண்டாம். கைப்பிடியுள்ள சாரம் போடுங்கள். சாரத்துக்குக் கீழே ஆள் நடமாட்டத்தைக் கயிறு கட்டித் தடுங்கள்.

## ஒப்படைக்கும் முன் சரிபார்ப்பு

1. இரண்டு பக்கம் பிடித்து, இரண்டு பக்கம் விட்டிருக்கிறதா? விட்ட பக்கத்தில் 19 மி.மீ. வெற்றிடம் முழு நீளத்துக்கும் இருக்கிறதா?
2. வால் ஆங்கிள் 51 மி.மீ. அகலமா, இல்லையென்றால் கிளிப்புக்குச் சான்று உண்டா?
3. சுவரோர 200 மி.மீ.க்குள் கம்பி எல்லா டீக்கும் உண்டா?
4. ஒவ்வொரு பிடிப்புள்ளியிலும் நான்கு கம்பியும் முட்டுக்குழாயும் உண்டா?
5. ஒவ்வொரு விளக்குக்கும் காப்புக்கம்பி உண்டா?
6. ஸ்பிரிங்க்ளர் தலையைச் சுற்றிச் சீலிங் நகர இடம் உண்டா?
7. புகைப்படங்கள், ஆங்கர் சோதனைத் தாள், வரைபடம் மூன்றும் உரிமையாளரிடம் சேர்ந்தனவா?

ஏழில் ஒன்றுக்கு 'இல்லை' என்று வந்தாலும் ஒப்படைக்காதீர்கள். அந்த இடத்தைத் திறந்து சரிசெய்யுங்கள். ஒப்படைத்த பிறகும், மேலே ஏசி வேலையோ மின்வேலையோ நடந்த ஒவ்வொரு முறையும், சிறிய நில அதிர்வு உணரப்பட்ட பிறகும், இதே பட்டியலோடு சீலிங்கைப் பார்க்கும்படி உரிமையாளரிடம் சொல்லுங்கள். கழற்றிய இழுகம்பியைத் திரும்பக் கட்டாமல் போவதே பழைய சீலிங்குகளின் பெரிய நோய். அதை நிலநடுக்கத்துக்கு முன்னால் நாம் கண்டுபிடித்துவிட வேண்டும்.